நிற்பவர்களுக்கும் ஓர் இருக்கை

ரமலானின் கடைசிப் பத்தில் பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளுக்குப் போகிற குடும்பங்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருக்கும். பெருநாள் துணி எடுக்கப் போன நாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். கல்லாவில் இருப்பவரும் அமர்ந்திருக்கிறார். நிற்பது ஒருவர்தான். நமக்காக முப்பது, நாற்பது சேலைகளை விரித்துக் காட்டிவிட்டு, நாம் "வேற டிசைன் இருக்கா?" என்று கேட்டதும் அத்தனையையும் மடித்து வைத்துவிட்டு அடுத்த அடுக்கை எடுக்கிற பெண். காலையில் கடை திறந்தபோது நின்றவர், நாம் தராவீஹ் முடித்துவிட்டுப் போகும்போதும் நின்றுகொண்டிருப்பார். அவரும் நோன்பாளியாக இருக்கலாம்.

கூட்டம் இருக்கும்போது நிற்பது புரிகிறது. மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஆளே இல்லாதபோதும் அவர் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறாரே, அதுதான் கேள்வி. பல கடைகளில் விற்பனையாளர் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அந்த விதி 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டத்துக்கு எதிரானது. இது பல முதலாளிகளுக்கும் தெரியாது, வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியாது.

2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டப்பேரவையில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே கழிக்கும் நிலை கூடாது என்பதுதான் அதன் சாரம். மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019-லேயே இதை ஒருமனதாக ஏற்றிருந்தது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் இடமுண்டு. வாடிக்கையாளர் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை இல்லாத இடைவெளியில் உட்காரலாம், அதற்கு இருக்கை போட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இவ்வளவு சிறிய விஷயத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதே யோசிக்க வேண்டியது.

நமக்கு முன்னால் இதைச் செய்தது கேரளம். அங்கே இது கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தொடங்கியது. தையல் தொழிலாளியான பி.விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கை அல்ல, கழிப்பறை. பல கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. அதனால் அவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், சிறுநீர்த் தொற்றும் வந்தது. கழிப்பறைக்குப் பிறகு இருக்கைக்காகப் போராடினார்கள். பல வருடம் ஆனது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. தமிழ்நாட்டில் துணிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் ஊர் முழுக்கக் காட்டியது. அதைப் பார்த்துக் கண்கலங்கிய நாம்தான் அடுத்த வாரம் அதேபோன்ற கடைக்குப் போய்த் துணி எடுத்துவிட்டு வந்தோம்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்த உரிமை 1948-லேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆவது பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. கடைப் பணியாளருக்கு அது வந்து சேர 73 ஆண்டுகள் கூடுதலாக ஆகியிருக்கிறது.

நம் பகுதிக்கு இது இப்போது கூடுதல் முக்கியம். எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பர் 28 அன்று முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். சரியாக ஓர் ஆண்டில் அங்கே உற்பத்தியும் தொடங்கியது. ஜெயங்கொண்டம் சிப்காட்டிலும் 2024 நவம்பரில் ஒரு தைவான் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த ஆலைகள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் பெண் தொழிலாளர்களை. இதுவரை கடை வேலைக்குப் போன நம் பெண்கள் இனி ஆலை வாகனத்திலும் ஏறுவார்கள். கடையானாலும் ஆலையானாலும், அங்கே உட்கார இடம் உண்டா, கழிப்பறை உண்டா என்பது சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி.

நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் வயலில் நாள் முழுக்க நிற்கவில்லையா என்பார்கள். வயலில் நிற்பதற்கும் கடையில் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வயலில் கால் நகர்ந்துகொண்டே இருக்கும். காலிலிருந்து இரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதைத் தள்ள வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்தத் தசை வேலை செய்யாது, இரத்தம் கீழேயே தேங்கும். சிரைக்குள் இரத்தம் பின்வாங்காமல் தடுக்கச் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் இந்த அழுத்தம் தொடர்ந்தால் அவை தளர்ந்துபோகும். அப்போதுதான் கால்களில் நீல நிறத்தில் முறுக்கிக்கொண்டு சிரைகள் தெரிகின்றன. நாம் நரம்புச் சுருட்டல் என்கிறோம், மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். மாலையில் கணுக்கால் வீங்குவது, குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் கூடவே வரும். கர்ப்பிணிக்கு இது இன்னும் கடுமை. நடுநடுவே ஐந்து நிமிடம் உட்கார்ந்து காலை நீட்டினாலே கால்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

நம் ஜமாஅத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் பேசினால் மூன்று பதில்கள் வரும். ஒன்று, ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை. உள்ளே வரும்போது எழுந்து வரவேற்றால் அதுவே மரியாதைதான். காலி கடையில் நிற்பது யாருக்கு மரியாதை? இரண்டாவது, இடமில்லை. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, நம் ஊர்க் கடைகள் குறுகலானவை. ஆனால் கவுண்டருக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் ஸ்டூல் எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கிறது. சுவரில் பொருத்தி, வேண்டாதபோது மடித்துவிடுகிற பலகையை ஊர்த் தச்சரே செய்து தருவார். ஆறு பேர் இருக்கிற கடைக்கு மூன்று இருக்கை போட்டு மாற்றி மாற்றி உட்காரச் செய்வது ஒரு தொடக்கம். மூன்றாவது, உட்கார்ந்தால் போனை நோண்டுவார்கள். நோண்டத்தான் செய்வார்கள். அது போன் பற்றிய பிரச்சினை, அதற்கு நாற்காலியைத் தண்டிக்க வேண்டியதில்லை.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மேல் ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நாம் ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடையில் அது ஒரு ஸ்டூலாக மாறுவதில் நமக்கு என்ன தயக்கம் என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. போனில் பேசும்போது "வெயில் நேரத்துல லீவு விடுறாங்களாப்பா?" என்று மகனிடம் தவறாமல் கேட்கிறோம். பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்வருகிற மகளிடம் "இன்னைக்கு எத்தனை நேரம்மா உட்கார்ந்தே?" என்று கேட்டிருக்கிறோமா?

அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இன்னும் சில. இதே கடைகள் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணியைத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி உண்டு. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். பெருநாள், தீபாவளி சீசனில் இவை எல்லாம் காற்றில் பறப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இருக்கை இல்லையென்றால் முதலில் முதலாளியிடமே நேரில் சொல்லிப் பார்க்கலாம். தனியாகச் சொல்லத் தயங்கினால் நான்கைந்து பேர் சேர்ந்து சொல்லலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் பள்ளிவாசல் நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ முதலாளியிடம் பேசுவது பல நேரம் சுலபமாக இருக்கும், குறிப்பாக முதலாளி நம்மவராக இருந்தால். அப்படியும் நடக்கவில்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மனுவில் கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், 22-ஏ பிரிவின்படி இருக்கை இல்லை என்ற விவரம் போதும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகிற நாமும் ஒன்று செய்யலாம். துணி எடுத்து முடித்ததும், பில் போடும் இடத்தில், "அந்தப் பிள்ளைங்க உட்கார ஒரு ஸ்டூல் போடக்கூடாதாண்ணே?" என்று கேட்டுவிட்டு வரலாம். பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் ஸ்டூல் வந்துவிடும்.