கைராசி வைத்தியரின் சீட்டுக்கட்டு

திரையில் மலை போல ஒரு எதிரி. எதிரே எட்டுப் பேர். இருவர் அடி தாங்குபவர்கள், இருவர் காயம் ஆற்றுபவர்கள், மீதி நால்வர் அடிப்பவர்கள். குறித்த நேரத்துக்குள் எதிரி விழாவிட்டால் ஒரே வீச்சில் எல்லாரையும் முடித்துவிடும். காயம் ஆற்றும் இருவரில் ஒருவரது கையருகே ஒரு நட்சத்திரக் கோளம் சுழல்கிறது. அவர் பொத்தானை அழுத்துகிறார், ஒரு சீட்டு எழும்புகிறது. கோபுரம். அரை நிமிடம் கழித்து மறுபடி அழுத்துகிறார். குடுவை. அடுத்த முறையும் கோபுரம்தான். எட்டுப் பேரும் காத்திருப்பது துலாக்கோலுக்கு.

'ஃபைனல் ஃபேண்டஸி 14' என்ற ஜப்பானிய இணைய விளையாட்டில் 2015 முதல் 2019 வரை நாள் தவறாமல் நடந்த காட்சி இது. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010-ல் வெளியிட்டு, தோல்வி கண்டு, நவோக்கி யோஷிடாவின் பொறுப்பில் அடியோடு மாற்றி 2013-ல் மீண்டும் கொண்டுவந்த விளையாட்டு. அதன் முதல் பெரிய விரிவாக்கமான 'ஹெவன்ஸ்வர்ட்' 2015 ஜூனில் வந்தபோது புதிதாக ஒரு தொழிலும் சேர்ந்தது: அஸ்ட்ராலஜியன். ஜோதிடமும் வைத்தியமும் ஒன்றாகக் கலந்த தொழில்.

கதைப்படி, பனி மூடிய இஷ்கார்ட் நகரத்து ஜோதிடர்கள் டிராகன்கள் எப்போது படையெடுக்கும் என்பதை அறிய வானத்தைப் பார்க்கிறார்கள். ஷார்லயன் என்ற அறிஞர் நாட்டு மரபோ நட்சத்திரங்களின் சக்தியைச் சீட்டுகளில் இறக்கி, அதை உடன் நிற்பவர்களுக்குக் கொடுக்கிறது. விளையாடுபவர் கற்றுக்கொள்வது இரண்டாவது மரபை. கிளி எடுத்துத் தரும் சீட்டு நடக்கப்போவதைச் சொல்லும். இந்தச் சீட்டு எதையும் சொல்லாது, நடத்தி வைக்கும். அதனால் அது பலித்ததா பொய்த்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டியது வருமா என்பதுதான் கேள்வி.

மொத்தம் ஆறு சீட்டுகள். அவற்றின் பெயர்களைத் தமிழாக்கினால் துலாக்கோல், அடிமரம், அம்பு, ஈட்டி, குடுவை, கோபுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. துலாக்கோல் வாங்கியவரின் தாக்குதல் 10 சதவீதம் கூடும். அடிமரம் உடம்பைக் காக்கும். அம்பு கைவேகம் தரும். குடுவை மந்திர சக்தியை நிரப்பும். கோபுரம் நிரப்பியது ஆயுதம் ஏந்துபவர்களின் தெம்பை. அந்தத் தெம்போ பெரும்பாலும் யாருக்கும் தீர்ந்துபோவதில்லை. எனவே கோபுரம் வந்தால் பெருமூச்சு, துலாக்கோல் வந்தால் கொண்டாட்டம். ஆறில் ஒன்றுக்காகத்தான் எல்லாரும் சீட்டு உருவினார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போல, துலாக்கோலின் ஆங்கிலப் பெயரை வைத்து 'பேலன்ஸ் பிடிப்பது' என்றே வீரர்களின் பேச்சில் அதற்கு ஒரு வழக்கு உண்டாயிற்று.

அந்தக் காலத்து வடிவமைப்பின் மிக அழகான பகுதி வேறொன்று. வேண்டாத சீட்டை வீசி எறிய வேண்டியதில்லை. 'ராயல் ரோடு', நம் சொல்லில் ராஜபாட்டை, என்றொரு வித்தை இருந்தது. கையில் இருக்கும் சீட்டை எரித்தால் அது அடுத்து வரும் சீட்டுக்குப் பாதை போடும். துலாக்கோலையோ அடிமரத்தையோ எரித்தால் அடுத்த சீட்டின் பலன் ஒன்றரை மடங்காகும். அம்பையோ ஈட்டியையோ எரித்தால் நீண்ட நேரம் நிற்கும். குடுவையையோ கோபுரத்தையோ எரித்தால் அடுத்த சீட்டு ஒருவருக்குப் பதில் சுற்றியுள்ள எல்லாருக்கும் பாதி வலுவில் போய்ச் சேரும்.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு 10 சதவீதம் தருகிற துலாக்கோல், கோபுரத்தை எரித்த பிறகு வந்தால் எட்டுப் பேருக்கும் தலா 5 சதவீதம் தரும். யாரும் விரும்பாத கோபுரம்தான் எல்லாரும் விரும்பிய சீட்டுக்கு மிகச் சிறந்த விறகு. அதோடு ஒரு சீட்டை ஓரமாக எடுத்து வைக்கலாம், ஒரு சீட்டைக் கலைத்துப் போட்டு வேறொன்று கேட்கலாம். எதை எரிப்பது, எதை வைப்பது, எதை உடனே கொடுப்பது என்ற முடிவை, எதிரியின் அடியில் சாய்கிறவர்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டே எடுக்க வேண்டும். துலாக்கோல் தானாக வந்தவரை விட, மூன்று கோபுரங்கள் வரிசையாக வந்தும் தன் குழுவைக் கரை சேர்த்தவரே நல்ல அஸ்ட்ராலஜியன். இதை விளையாடியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆனாலும் மனசு கேட்காது. கைராசி என்று ஒன்று இருப்பதாகவே பல குழுக்கள் நம்பின. கணக்கு என்ன சொல்கிறது?

ஆறு சீட்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை உருவினால் துலாக்கோல் வரும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். ஆறு முறை உருவினால் ஒரு முறையாவது வந்துவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை: ஆறு முறை உருவியும் அது வராமல் போகும் வாய்ப்பு 33 சதவீதத்துக்கும் மேல். எட்டு நிமிடப் போரில், அரை நிமிடத்துக்கு ஒன்றாக 16 சீட்டுகள். கலைத்துப் போடும் வசதியைச் சேர்க்காமல் பார்த்தால் சராசரியாக இரண்டரைக்குச் சற்று மேல் துலாக்கோல் வர வேண்டும். உண்மையில் நூறு போர் நடந்தால், அவற்றுள் சுமார் ஐந்து போர்களில் துலாக்கோல் ஒன்றுகூட வராது. சுமார் பதினொரு போர்களில் ஐந்தோ அதற்கு மேலோ வரும். ஒரே ஆள், ஒரே திறமை, ஒரே எதிரி. ஒரு நாள் வெறுங்கை, இன்னொரு நாள் அள்ளிக் கொடுக்கும் கை. ஒரு கடினமான எதிரியை வீழ்த்த ஒரு குழு வாரக்கணக்கில் நூறு, இருநூறு தடவை மோதுகிறது என்றால் இந்த இரு கோடிகளையும் அது கண்டே தீரும். கைராசி என்று பேர் வாங்கியவர் நல்ல நாட்களில் நினைவில் நின்றவர், அவ்வளவுதான்.

'சிவிலைசேஷன்' விளையாட்டுகளை உருவாக்கிய சிட் மெய்யர் 2010-ல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் இதே மனநிலையைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற சாதகத்தோடு மோதித் தோற்றவர் விளையாட்டே தவறு என்கிறார். ஒன்றுக்கு மூன்று என்ற பாதகத்தோடு மோதி வென்றவர் புகார் சொல்வதே இல்லை. இதை உணர்ந்த சில விளையாட்டுகள் அதிர்ஷ்டத்தையே கொஞ்சம் வளைத்துவிடுகின்றன. 'டோட்டா 2'-ல் 25 சதவீத வாய்ப்பு உள்ள பல திறன்கள் முதல் அடியில் உண்மையில் சுமார் 8.5 சதவீத வாய்ப்போடுதான் தொடங்கும். பலிக்காத ஒவ்வோர் அடிக்கும் வாய்ப்பு அதே அளவு ஏறிக்கொண்டே போகும். பலித்ததும் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். நீண்ட ஓட்டத்தில் சராசரி 25-தான். நடுவில் வரும் நீண்ட வறட்சியும் நீண்ட அடைமழையும் மட்டும் குறைந்துவிடுகின்றன. தாயம் ரொம்ப நேரம் விழவில்லை என்றால் இனி விழும் என்று நினைக்கும் மனிதனுக்கு, அந்த நினைப்பை உண்மையாக்கிக் கொடுக்கும் தாயக்கட்டை இது.

எல்லாச் சந்தேகமும் மனப்பிரமை என்று ஒதுக்கவும் முடியாது. 1999-ல் டர்பைன் நிறுவனம் உருவாக்கிய 'அஷரான்ஸ் கால்' விளையாட்டில் வை என்ற பாத்திரத்தை வைத்திருந்தவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கூட்டமாகப் போனாலும் அரக்கர்கள் அவரையே தேடி வந்து அடித்தார்கள். இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். எல்லாம் தற்செயல் என்றே நெடுநாள் பதில் வந்தது. கடைசியில், அரக்கன் யாரைத் தாக்குவது என்று தேர்ந்தெடுக்கும் நிரலில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சில பாத்திரங்கள் பிறக்கும்போதே துரதிர்ஷ்டத்தோடு பிறந்திருந்தன. வையின் தலையெழுத்து உண்மையாகவே எழுதப்பட்டிருந்தது, நிரலில்.

தென்கொரியாவின் 'மேப்பிள் ஸ்டோரி' விவகாரம் இதைவிடக் கனமானது, ஏனெனில் அங்கே பணம் கைமாறியது. ஆயுதத்துக்குப் புதுப் பலன்களைக் குலுக்கி எடுத்துத் தரும் 'க்யூப்' என்ற பொருளை நெக்ஸான் நிறுவனம் காசுக்கு விற்றது. பலரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகளின் வாய்ப்பு வீரர்களுக்குச் சொல்லாமலே குறைக்கப்பட்டது; சிலவற்றின் வாய்ப்பு பூஜ்யமாகவே ஆக்கப்பட்டது. வராது என்று முடிவான ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கொரிய வணிகப் போட்டி ஆணையம் 2024 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து இத்தகைய குலுக்கல்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது கொரியாவில் சட்டப்படி கட்டாயமாயிற்று. காசு வாங்கிக்கொண்டு குலுக்குபவர் கட்டில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த ஒன்றை எந்த நாடும் தள்ளிப்போடக் கூடாது.

அஸ்ட்ராலஜியனின் சீட்டுக்கட்டில் மோசடி ஏதும் இல்லை, காசும் இல்லை. அங்கே சிக்கல் மற்றவர்கள்தான். தன் அதிர்ஷ்டம் தன்னோடு போகும் என்றால் ஒருவர் தாங்கிக்கொள்வார். இங்கே ஒருவர் உருவும் சீட்டை நம்பி ஏழு பேர் இருந்தார்கள். அடிக்கும் தொழில்கள் எல்லாம் தங்கள் பெரிய வீச்சுகளைக் குறித்த நேரத்துக்கு ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தன. அந்த நேரத்தில் ஜோதிடர் கையில் என்ன இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

2019 ஜூலையில் வந்த 'ஷேடோபிரிங்கர்ஸ்' விரிவாக்கம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஆறு சீட்டும் துலாக்கோலாயின. எதை உருவினாலும் தாக்குதல்தான் கூடும். மூன்று சீட்டுகள் நெருங்கி நின்று அடிப்பவர்களுக்குப் பொருத்தம், மூன்று தூர நின்று அடிப்பவர்களுக்கு. சரியான ஆளிடம் போனால் 6 சதவீதம், மாறிப் போனால் 3. ராஜபாட்டை போயிற்று. தெம்பு என்ற கணக்கே விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டதால் கோபுரத்தின் பழைய வேலையும் போயிற்று. சீட்டோடு வரும் முத்திரைகள் மூன்றும் வேறுவேறாக அமைந்தால் பலன் கூடும் என்பதில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் 'எண்ட்வாக்கர்' வந்தபோது அதுவும் அந்த வைத்தியரின் சொந்தப் பலனாகச் சுருங்கியது. 2024 ஜூலையில் வந்த 'டான்ட்ரெயில்' மிச்சத்தையும் துடைத்தது.

இப்போது சீட்டு குலுக்கப்படுவதே இல்லை. முதல் முறை அழுத்தினால் துலாக்கோல், அம்பு, கோபுரம் மூன்றும் சேர்ந்து வரும். அடுத்த முறை ஈட்டி, அடிமரம், குடுவை. பிறகு மறுபடி முதல் கூட்டம். மாறவே மாறாது. குணங்கள் ஒருவகையில் திரும்பி வந்திருக்கின்றன: துலாக்கோலும் ஈட்டியும் தாக்குதலைக் கூட்டுகின்றன, அடிமரம் மறுபடி உடம்பைக் காக்கிறது, கோபுரம் கேடயம் தருகிறது. இது நேர்மையான, வேலைக்கு ஆகிற கருவி. புதிதாக வருபவர் ஒரு மாலையில் பழகிவிடலாம், குழுவில் யார் முகமும் சுருங்காது. இருந்தும் ஒரு பெரிய இழப்பு நடந்திருக்கிறது. வெட்டப்பட்டது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. கெட்ட சீட்டை எரித்து நல்ல சீட்டுக்கு வழி போட்ட அந்தக் கைவேலையும் அதோடு போயிற்று. விதியை மட்டும் தளர்த்தி வித்தையை வைத்திருக்கலாம். டோட்டாவைப் போல, நெடுநேரம் வராத துலாக்கோலைச் சற்று முன்னே தள்ளியிருந்தாலே போதும்.

ஜோதிடத்தைச் சீட்டுக்கட்டு இல்லாமலே நடத்தும் இன்னொரு விளையாட்டும் உண்டு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகில் மாதந்தோறும் கூடும் டார்க்மூன் திருவிழாவில் சேஜ் என்ற குறிசொல்லி கூடாரம் போட்டிருக்கும். அது இரண்டு கேள்வி கேட்கும். மனசாட்சியைத் தொடுகிற கேள்விகள். சொல்லும் பதிலைப் பொறுத்து ஒரு வரம் கிடைக்கும். 2019-ல் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் திறந்த பிறகு, தாக்குதல் 10 சதவீதம் கூடும் வரம் இரண்டு மணி நேரம் நிற்கும் என்பதால் பெரும் போருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் வந்தார்கள். எந்தப் பதிலுக்கு எந்த வரம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். கேள்வியை வாசித்துப் பார்ப்பவரே அரிது. வரத்தோடு சேஜ் ஒரு துண்டுச் சீட்டில் குறியும் எழுதிக் கொடுக்கும். அதில் என்ன இருக்கும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு வரி வாசகம். எப்போதாவது ஒரு புதையலின் திசை. அந்தத் திசையில் நடந்து டெட்மைன்ஸ் சுரங்கத்தின் இருட்டுக்குள் தேடிப் போனால், அங்கே உண்மையாகவே ஒரு பெட்டி இருக்கும்.