கொதிக்கவைத்தும் குடிக்க முடியாத தண்ணீர்

2014 ஓகஸ்ட் 2, சனிக்கிழமை அதிகாலை. ஈரி ஏரிக்கரையில், அமெரிக்காவின் ரொலீடோ நகர மக்களுக்கு ஓர் அறிவித்தல் வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் திங்கட்கிழமை வரை போத்தல் தண்ணீர்தான் கதி.

தாதியான எனக்கு உறுத்தியது அந்த இரண்டாவது வசனம். "கொதிக்கவைச்சுக் குடியுங்கோ" என்பது அம்மம்மா காலத்துப் புத்திமதி. கிருமிகளுக்கு அது சரி. ஆனால் ஏரியில் பெருகும் நீலப்பச்சைப் பாசி விடுகிற மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. அது கொதியில் அழியாது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக நஞ்சு இன்னும் செறியும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த தண்ணீர் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்பட்டதால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

பாசி ஏன் இப்படிப் பெருகுகிறது? 1973இல் நமது ஒன்ராறியோவின் வடமேற்கிலேயே டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 226ஆம் இலக்க ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் காபனும் நைதரசனும் இட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் பொஸ்பரசும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையானது. தோசைக்கு ஒரு மூட்டை அரிசி இருந்தாலும் உளுந்து ஒரு சுண்டுதான் என்றால், மாவின் அளவைத் தீர்மானிப்பது உளுந்துதானே!

சலவைத்தூளில் பொஸ்பேற்றைக் குறைத்து, கழிவுநீரையும் சுத்திகரித்தபோது ஈரி ஏரி ஓரளவு தெளிந்தது. இப்போதைய சிக்கல் ஆறுகளில். சோளம், சோயா வயல்களுக்கு இட்ட பசளையில் கரைந்த பொஸ்பரஸ், வசந்தகால மழையோடு மௌமி ஆற்றில் இறங்கி ஏரிக்குப் போகிறது. கமக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சோளத்தில் வளரும் கோழியைத்தானே நாமும் சாப்பிடுகிறோம்.

எரிகோவில் தண்ணீர் கெட்டபோது எலிசா வீட்டுக் குடங்களைத் தேடிப் போகவில்லை, ஊற்றுக்கே போனார் (2 இராஜாக்கள் 2). 2016இல் கனடாவும் அமெரிக்காவும் எடுத்த முடிவும் அப்படித்தான்: மௌமியிலும், நமது லண்டன் நகரூடாக ஓடும் தேம்ஸ் நதியிலும், வசந்தகாலத்தில் வரும் பொஸ்பரசை 2008இன் அளவிலிருந்து 40 வீதம் குறைப்பது. ரொறன்ரோவில் நாம் குடிப்பது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். ஈரியின் தண்ணீர் நயாகராவில் விழுந்து அங்கேதான் வந்து சேருகிறது.

கோடையில் ஏரிக்கரைக்குப் போகும் தம்பி தங்கைமாருக்கு ஒன்று: தண்ணீர் பச்சைப் பெயின்ற் ஊற்றினமாதிரிக் கிடந்தால் இறங்காதீர்கள். நாயையும் இறக்காதீர்கள், அது உடம்பை நக்கியே நஞ்சை விழுங்கிவிடும்.