போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்

பழைய டீசல் லாரி ஓடுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஒருமுறை கிளம்பிவிட்டால் பம்ப் தானாகவே டீசலை உந்தும், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். கிளப்புவதற்கும், விளக்குக்கும், ஹாரனுக்கும்தான் பேட்டரி. ஆனாலும் மிலிட்டரி டிஸ்போசலில் லாரி எடுத்தவரை முதலில் மடக்குவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, வயரிங்தான்.

நம் நாட்டில் அப்படி ஏலத்துக்கு வந்த லாரிகளில் பேர்போனது சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் செய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று நம் அசோக் லேலண்டின் ஸ்டாலியன். வயதை அறிய அதன் ராணுவ நம்பர் பிளேட்டைப் பார்த்தால் போதும். மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி படைக்கு வாங்கப்பட்ட ஆண்டு. இருபது, முப்பது வருடம் பாலைவனத்திலும் பனியிலும் உழைத்த வயர்கள் அதற்குள் இருக்கின்றன என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

இந்த லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில் இணைந்து 24 வோல்ட் தருகின்றன. காரணம் எளிது. இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு 4 கிலோவாட் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் 330 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 24 வோல்ட்டில் அதில் பாதி போதும். ஆம்பியர் குறைந்தால் கேபிள் மெலியும், வழியில் வீணாகும் சூடும் குறையும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஜீப்பும் ஜிஎம்சி லாரியும் 6 வோல்ட்டில் ஓடின. போருக்குப் பின் வந்த தலைமுறை 24 வோல்ட்டுக்கு மாறியது.

அந்தப் பாதி ஆம்பியரே கூட ஒரு கெட்ட இணைப்பைச் சுட்டெரிக்கப் போதும். 170 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் 1.7 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். கிட்டத்தட்ட 290 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில் இறங்கும். செல்ஃப் அடித்த கையோடு கேபிள் முனைகளிலுள்ள லக்குகளைத் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக்கின் விரலுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

புதுச்சேரி போன்ற ஊரில் இந்தத் தடையை வளர்ப்பது கடல். கடற்கரை நகரத்தில் எந்தப் பட்டறைக்கும் உப்புக்காற்று எட்டும். வயரின் முனையில் நுழையும் ஈரம் செப்பு இழைகளின் இடுக்கு வழியே ரப்பருக்குள் ஊறிப் போகிறது; வெளியே நன்றாக இருக்கும் வயரைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ கிடக்கும். வெள்ளம் வந்தால் இது இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் மக்களை மீட்க ராணுவமே இறங்கியது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டி அன்றைக்கே படுத்துவிடும் என்பதில்லை. சில மாதம் கழித்து, ஒரு விளக்கு மங்கும்போதுதான் தெரியவரும்.

லாரியில் ஒவ்வொரு விளக்குக்கும் போவது ஒரு வயர்தான். மின்சாரம் திரும்பி வருவது சேஸிஸ் வழியாக. அதைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். ராணுவ லாரியில் எர்த்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு: பெயின்ட். மேலுக்கு மேல் பூசிய பச்சைப் பெயின்ட்டின் மீதே லக்கை வைத்து முறுக்கியிருந்தால், போல்ட் எவ்வளவு இறுகினாலும் மின்சாரத்துக்கு வழி கிடையாது.

எர்த் போனால் வண்டி விசித்திரமாக நடந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரியும். சுவிட்ச் கெட்டுவிட்டதென்று அதை மாற்றுவார்கள்; குறை அப்படியே இருக்கும். உண்மையில் நடப்பது இதுதான்: இரட்டை இழை பல்பில் பிரேக் இழை வழியாகப் போன மின்சாரம் சேஸிஸுக்கு இறங்க முடியாமல் பக்கத்து இழைக்குள் ஏறுகிறது. பார்க்கிங் வயர் வழியே பின்னோக்கி ஓடி, எர்த் நன்றாக உள்ள இன்னொரு விளக்கின் வழியாகத் திரும்புகிறது. ரப்பர் மௌன்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்குத் தனி எர்த் பட்டை உண்டு. அது அறுந்துவிட்டால் செல்ஃபின் மொத்த மின்சாரமும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். காரணமே இல்லாமல் கேபிள் புகைகிறதென்றால் முதலில் அந்தப் பட்டையைத் தேட வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடிப்பதில் பலரை ஏமாற்றுவது மல்டிமீட்டர். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். இழைகள் அரித்துத் தொட்டும் தொடாமலும் கிடக்கும் வயரிலும் அது முழு 25 வோல்ட்டைக் காட்டும். பல்பைப் போட்டதும் அந்த வோல்ட் சரிந்துவிடும். ஆகவே, வேலை நடக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் பக்கம். கேபிளின் பிளஸ் பக்கத்தையும் இதே போல இரு முனையிலும் வைத்துப் பார்க்கலாம். விளக்கு வயர்களுக்கு 24 வோல்ட், 21 வாட் பல்பில் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை நான் அதிகம் நம்புவேன். ஏறக்குறைய ஓர் ஆம்பியரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அது பதில் சொல்கிறது.

ஃப்யூஸ் போட்டதும் போட்டதும் எரிந்துபோகிறதா? அதே லாம்ப்பை ஃப்யூஸ் இருந்த இடத்தில் மாட்டலாம். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். அந்த வரிசையிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட்.

ஏலம் எடுத்தவர்களே உண்டாக்கும் குறை ஒன்று உண்டு. டேப் ரிக்கார்டரும் சில செல்போன் சார்ஜர்களும் 12 வோல்ட். அதற்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்துவிடுகிறார்கள். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்றுக்கு மட்டும் கூடுதல் பாரம் ஏற்றுவது போன்றது இது. ஆல்டர்னேட்டர் மொத்தமாக 28 வோல்ட்டைத்தான் கவனிக்கிறது, இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. இளைத்த பேட்டரி 13 வோல்ட்டில் நிற்க, மற்றது 15-க்கு ஏறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். இளைத்ததன் தகடுகளில் சல்பேட் படியும். கடைசியில் இரண்டும் வீண். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டுவது புது பேட்டரி ஜோடியை விட மலிவு. மாற்றும்போதும் இரண்டையும் சேர்த்து, ஒரே வயதில் மாற்ற வேண்டும்.

குறையே இல்லாத குறையும் வரும். எதிரி விமானத்துக்குத் தெரியாமல் இரவில் அணிவகுத்துப் போகப் பல ராணுவ வண்டிகளில் இருட்டடிப்பு சுவிட்ச் உண்டு. அமெரிக்க லாரிகளில் அந்த நிலையில் வழக்கமான பிரேக் விளக்கு எரியவே எரியாது. நம் ராணுவ லாரியின் பின்னால் வெள்ளை பூசிய டிஃபரன்ஷியலும் அதன் மேல் விழும் சின்ன விளக்கும் இதே தேவைக்குத்தான்: பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளை உருண்டையை மட்டும் பார்த்துத் தொடர்வார். ஆகவே பின்விளக்கு எரியவில்லையென்று வயரை வெட்டுவதற்கு முன், சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்த்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்கச் செய்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினால் உப்புக்காற்று அண்டாது. நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பி வைக்கலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது. பேட்டரி விலகிய நொடியில் எழும் வோல்ட் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை அடித்துவிடும்.