சட்டியில் கழன்று ஓடும் மசாலா! சிக்கன் 65-ல் கலர் பொடி விழுவது ஏன்?

கும்மிடிப்பூண்டி,
சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிகிற நேரத்தில் தள்ளுவண்டிகளில் சிக்கன் 65 வாடை மூக்கைத் துளைக்கும். ஆனால் தட்டு கைக்கு வந்த பிறகுதான் சமாச்சாரம் தெரியும். சில வண்டிகளில் கறி வெளுத்துக் கிடக்கும். மசாலா முழுவதும் சட்டியோடு தங்கியிருக்கும். "என்னண்ணே, அவிச்ச கறிக்கா காசு குடுத்தோம்?" என்று தகராறு கிளம்பும்.

நஷ்டம் அத்தோடு நிற்பதில்லை. கழன்ற மசாலா எண்ணெயிலேயே கிடந்து கருகும். எண்ணெய் கறுக்கும். அடுத்து விழும் கறியும் கறுக்கும். அந்தக் கறுப்பை மறைக்கக் கலர் பொடி கை நிறைய விழும். ஒட்டாத மசாலாவில் தொடங்குகிற வினை, தின்பவர் வயிற்றில் போய் முடிகிறது!

ஈரம்தான் எதிரி

மசாலா கழல முதல் காரணம் தண்ணீர். கழுவிய கறியை வடிக்காமல் பிரட்டினால், சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவி வெளியே வரும் வேகத்தில் மேல் மாவைத் தள்ளிவிடுகிறது. ஐஸ் பெட்டிக் கறி என்றால் கேட்கவே வேண்டாம். உறைந்த தண்ணீர் முழுவதும் இளகி வடிந்தாக வேண்டும். பழவேற்காட்டு மீனானாலும் இதே கதைதான்.

உப்பும் கறியிலிருந்து நீரை இழுக்கும். ஆகவே உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதை முதலில் தடவி ஊற விட வேண்டும். விட்ட நீரை வடித்துவிட்டு, முட்டையும் கார்ன் பிளவர் மாவும் கடைசியில் சேர்க்க வேண்டும். சூடு பட்டதும் முட்டை இறுகிப் பசை போலப் பிடிக்கும். மாவு மொறுமொறுப்பான ஓடாகும். பிரட்டியதும் சட்டியில் போடாமல் 10, 15 நிமிடம் வைத்தால் மாவு ஈரத்தைக் குடித்து நன்றாக ஒட்டும். கட்லெட்டுக்கும் இதே கணக்குதான். முதலில் மைதா, பிறகு முட்டை, கடைசியில் ரொட்டித்தூள்.

அவசரம் கூடாது

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். கூட்டத்தைப் பார்த்து ஒரே தடவையில் அள்ளிக் கொட்டினால் சூடு இறங்கிவிடும். மாவு இறுகுவதற்குள் ஊறிக் கழன்றுவிடும். போட்டவுடன் கரண்டி விட்டுக் கிளறுவதும் தப்பு. ஒரு நிமிடமாவது சும்மா விட வேண்டும்.

புகாரி கொடுத்த பேர்

சிக்கன் 65 சென்னைப் பட்டணத்துச் சரக்கு. மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் 1965-ம் ஆண்டு அறிமுகமானதால் இந்தப் பெயர் என்பது அந்த ஓட்டலின் கணக்கு. அங்கிருந்து கிளம்பி இன்று திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வரை சந்துக்குச் சந்து வண்டி நிற்கிறது. கூடவே கலரும் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2024-ல் 39 கபாப் மாதிரிகளைச் சோதித்தார்கள். 8-ல் செயற்கைக் கலர் சிக்கியது. அந்த ஜூன் மாதமே கபாப்பில் செயற்கைக் கலர் சேர்க்க அரசு தடை போட்டது. மீறினால் ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்!

எண்ணெய்க்கும் சட்டம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட கூட்டுப்பொருள்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது. நாடு முழுவதும் 2018 ஜூலை 1-ந் தேதி முதல் இந்த விதி அமலில் இருக்கிறது.

மசாலா ஒட்டினால் எண்ணெய் கெட நாளாகும். ஒவ்வொரு ஈடுக்கும் பிறகு உதிர்ந்த தூளை அரித்தெடுத்தால் இன்னும் நல்லது. காஷ்மீரி மிளகாய்த்தூளே நல்ல சிவப்பு கொடுக்கும். கலர் பொடி எதற்கு?

வாங்கித் தின்பவர்கள் தட்டைப் பார்க்கு முன் சட்டியைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்து, நுரை தள்ளி, அடியில் தூள் மிதந்தால் காசை மடியிலேயே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவதே புத்திசாலித்தனம்!