அலி விடாத குத்து! கவரைப்பேட்டை பாக்சிங் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய காட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து, மின்சார ரயிலில் கவரைப்பேட்டை வந்து இறங்கும் வாலிபர்கள் கையில் எல்லாம் செல்போன். முகமது அலியின் பழைய சண்டைகள் பலவும் அதில் கிடைக்கின்றன. 2021-ல் "சார்பட்டா பரம்பரை" படம் வந்த பிறகு பாக்சிங் பைத்தியம் பிடித்த பையன்களுக்குக் குறைவில்லை.

ஆனால் சண்டையைப் பார்ப்பது வேறு. படிப்பது வேறு.

படிக்க நினைக்கும் ரசிகர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது 1974 அக்டோபர் 30-ந்தேதி நடந்த சண்டை. இடம், ஆப்பிரிக்காவில் உள்ள கின்ஷாசா நகரம். எதிரி ஜார்ஜ் போர்மன். வயது 25. ஜோ பிரேசியர், கென் நார்டன் என்ற இரண்டு சூரர்களையும் இரண்டிரண்டு ரவுண்டுகளில் சாய்த்த ராட்சசர். அலிக்கு அப்போது 32.

முதல் ரவுண்டிலேயே அலி வலது கையை நேராக விடுகிறார். இடது காலை முன்வைத்து நிற்பவனுக்கு வலது கை தூரத்துக் கை. வந்து சேருவதற்குள் எதிரி பார்த்துவிடுவான். அதனால் அனுபவசாலிகள் அதை முதல் குத்தாக விடமாட்டார்கள். போர்மனும் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டார்!

கயிற்றில் சாய்ந்தார்

இரண்டாவது ரவுண்டில் அலி கயிற்றில் சாய்ந்துவிட்டார். தொலைந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செல்போனில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கிளவுஸ் இரண்டும் முகத்துக்குக் காவல். முழங்கை இரண்டும் விலாவுக்குக் காவல். போர்மன் இடிக்கும் இடியில் பெரும்பகுதி கைகளில்தான் விழுகிறது. கண் மட்டும் மூடவில்லை. நடுநடுவே போர்மன் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ பேசிச் சீண்டுகிறார். அடி வாங்குகிறவன் செய்கிற வேலையா இது?

எட்டாவது ரவுண்டு. போர்மனுக்குக் கை தூக்கத் தெம்பில்லை. அலி இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று. போர்மன் சுழன்றபடி விழுகிறார். அலியின் வலது கை மறுபடி ஓங்கியே இருக்கிறது. சரிகிற ஆளைச் சுற்றிக் கூடவே வருகிறார். ஆனால் அந்தக் குத்தை விடவில்லை!

உலகப் பட்டம் கைக்கு வரும் நேரத்தில் அந்த நிதானம். அலியின் ஆயிரம் குத்துகளைவிட இந்த விடாத குத்துதான் பெரிய பாடம்.

சென்னையில் அலி

அலி நமக்கு அந்நியர் அல்ல. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். தமிழக வீரர் ராக்கி பிராசும் அவரோடு ரிங்கில் ஏறினார். கூட்டம் அலைமோதியது.

அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்சிடம் 10 ரவுண்டு அடி வாங்கினார். பரிதாபமான சண்டை. 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியபோது கை நடுங்கியதை உலகமே பார்த்தது. 2016-ல் காலமானார்.

நோய்க்கு பாக்சிங்தான் காரணமா என்பதில் டாக்டர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டால் மூளை கெடும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

காப்பி அடிக்காதீங்க!

பையன்கள் ஆசையாகக் காப்பி அடிப்பது அலியின் தொங்கும் கையைத்தான். கையை இறக்கிவிட்டு, தலையைப் பின்னால் இழுத்துத் தப்புகிற வித்தை. அது அவருடைய கண்ணும் காலும் செய்த வேலை. நமக்கு அந்தக் கால் இல்லை. தாடைதான் மாட்டும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய ஜாப், அதாவது முன்கைக் குத்து. தோளில் இருந்து கிளம்புகிறது. போன கை போன வழியே சட்டென்று திரும்பி வருகிறது. அதைச் சுவர் முன்னால் நின்று தனியாகவே பழகலாம். ஜோடி போட்டுக் குத்துவதென்றால் வாத்தியார் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைக்கவசம், பல்லுக்கு ரப்பர் கட்டாயம்.

தலையில் அடிபட்டவனுக்கு மயக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் "சரியாப் போயிடும்" என்று படுக்கப் போடக் கூடாது. அடுத்த ஸ்டேஷனான பொன்னேரியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.