தேசிக்காய்க் காரும் சுடலை வேலையும்

புதிதாக வந்த எம்மவர்களைக் கேட்டால், "வகுப்பிலை படிச்ச இங்கிலிஷ் வேறை, வேலையிலை கதைக்கிற இங்கிலிஷ் வேறை" என்பார்கள். உண்மைதான். ஆனால் சுவை முழுவதும் அந்த இரண்டாவது இங்கிலிஷில்தான் இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என்னைப் போன்றவர்களுக்கும் அது பிடிபடும். ஏனென்றால் அது வேலை செய்யும் சனத்தின் வாயில் பிறந்தது.

நாங்கள் இருக்கும் ஒஷாவா வாகனம் செய்யும் ஊர். 1876இல் மக்லோக்ளின் குடும்பம் குதிரை வண்டில் செய்யும் தொழிலை இங்கே கொண்டுவந்தது. 1918இல் அது ஜெனரல் மோட்டோர்ஸ் ஒவ் கனடா ஆனது. இந்த ஊரில் ஒருவர் தன் காரை "லெமன்" என்றால், வாங்கிய நாளிலிருந்து கராஜுக்கு அலைய வைக்கும் கார் என்று அர்த்தம். நாங்களோ புதுக் கார் வாங்கினால் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் ஓடத் தொடங்குவோம்!

நடுச்சாம வேலைக்கு "கிறேவ்யாட் சிவ்ற்" என்று பெயர். சுடலை வேலை! ஊரில் இருட்டினால் சுடலைப் பக்கம் எட்டியும் பார்க்காதவர்கள், இங்கே பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு அந்த வேலைக்குப் போகிறோம்.

சில சொற்கள் எங்கள் வீட்டுச் சொற்கள் போலவே இருக்கும். "ஸ்குறூ லூஸ்" என்பவர் எங்கள் "நட்டுக் கழண்டவர்"தான். "ரேக்கிங் மீ ஃபோ எ றைட்" என்றால் காரில் ஏற்றிப் போவதல்ல, பேய்க்காட்டுவது. ரிம் ஹோட்டன்ஸில் "டபிள் டபிள்" என்று கேட்டால் இரண்டு கிறீமும் இரண்டு சீனியும் போட்ட கோப்பி கிடைக்கும். 2004இல் இந்தச் சொல் கனடிய ஒக்ஸ்போர்ட் அகராதியிலும் ஏறிவிட்டது.

சிரிப்போடு விட முடியாத சொற்களும் உண்டு. "ஹெட்ஸ் அப்!" என்று கத்தினால் "கவனம், ஏதோ வருகுது" என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் எடுத்து அண்ணாந்து நிற்பவர், பக்கத்தில் வரும் போர்க்லிப்றைக் காணமாட்டார். ஒன்ராறியோச் சட்டப்படி வேலைத்தலத்து ஆபத்தை அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. விளங்காவிட்டால் கேளுங்கள்.

"லே ஓவ்" என்றால் வேலை குறைவால் நிறுத்துகிறார்கள், திரும்பவும் கூப்பிடக்கூடும். "வி ஹாவ் ரு லெற் யூ கோ" என்றால் நேரத்தோடு வீட்டுக்கு விடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போய்விட்டது! எதுவானாலும் "றெக்கோட் ஒவ் எம்ப்ளோய்மன்ற்" எந்தக் காரணத்தோடு போகிறது என்று பாருங்கள். வேலையில்லாக் காலக் கொடுப்பனவுக்கு அது முக்கியம்.

இதையே மறுபக்கமாகவும் யோசிக்க வேண்டும். எங்கள் தமிழும் இப்படித்தான். அகதி விசாரணையில் ஒருவர் "தலையாட்டி காட்டிக் குடுத்தவன்" என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை "ஒருவன் தலையை ஆட்டினான்" என்று சொன்னால், முகத்தை மூடிய ஆளுக்கு முன்னால் வரிசையில் நின்ற பயம் அங்கே போய்ச் சேராது. "பொடியள்" என்றால் சின்னப் பிள்ளைகள் என்று விளங்கிக்கொள்ளலாம். இப்படியான சொற்களை நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். சிலருக்கு வழக்கே அதில் தங்கியிருக்கிறது.

1992இல் தொடங்கிய லிங்க் வகுப்புகள் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். வழக்கு முடியாதவர்கள் பாடசாலைச் சபைகளின் ஆங்கில வகுப்புகளை விசாரிக்கலாம். ஆனாலும் வேலையில் பக்கத்தில் நிற்பவரை விடச் சிறந்த வாத்தியார் இல்லை. புதுச் சொல் கேட்டால் சிரித்துச் சமாளிக்காமல் "வட் டஸ் தற் மீன்?" என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். பதிலுக்கு எங்கள் சொல் ஒன்றைக் கொடுங்கள். எங்கள் வேலைத்தலத்தில் ஒரு போர்த்துக்கீசர் "நட்டுக் கழண்டவன்" என்பதை இப்போது எங்களை விட அழுத்தமாகச் சொல்கிறார்.