கொழுவின் தேய்வைக் குறைக்கும் வன்படைகள்

புதிதாகப் பூட்டிய கொழு சில போகங்களுள் முனை மழுங்கிக் குறுகிவிடுவதைக் கமக்காரர் அறிவர். மழுங்கிய கொழு மண்ணுள் ஆழச் செல்லாது. எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும்.

தேய்வின் காரணம்

மணலிலுள்ள குவாட்சுத் துணிக்கைகளே இத்தேய்வுக்கு முதற் காரணமாகும். பொருள்களின் வன்மையை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் மோஸ் அளவுத்திட்டத்திலே குவாட்சு 7 ஆம் இடத்தைப் பெறும். மெல்லுருக்கோ 4 முதல் 5 வரையே. வன்மை கூடியது குறைந்ததைக் கீறும். நிறப்பூச்சும் நாகப்பூச்சும் துருவைத் தடுக்குமேயன்றி, மணலின் உராய்வைத் தாங்கமாட்டா.

படைகள் அமையும் முறை

குரோமியமும் காபனும் மிகுந்த கலப்புலோகக் கோலை மின்வில்லினால் உருக்கிக் கொழுவின்மீது படியச் செய்யலாம். இதில் உண்டாகும் குரோமியம் காபைட்டு குவாட்சினும் வன்மையானது. ஆயினும் மிக வன்மையான பொருள் எளிதில் நொறுங்கும். ஆதலால், அதிர்ச்சியைத் தாங்கும் உருக்கை அடியில் வைத்து, வன்படையை அதன் மேலே இடுதல் வேண்டும்.

முதற்படை அடியுருக்குடன் கலந்து வன்மை குன்றும். இரண்டாம் படையே முழு வன்மையைப் பெறும். மூன்று படைக்கு மேலிட்டால் அவை பெயர்ந்து விழக்கூடும். குறுகிய கொழுவை முதலில் சாதாரண உருக்குக் கோலால் நிரப்பி, அதன்மேல் வன்படை இடுக. படையின் மேற்பரப்பில் தோன்றும் மயிரிழை வெடிப்புகள் இயல்பானவை. அடியுருக்கு வெடித்திருப்பின் அக்கொழுவை நீக்கிவிடுக.

ஒரு பக்கம் மட்டும் இடுக

கொழுவின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் படையிட்டால், மேற்பக்கத்து மெல்லுருக்கு விரைவில் தேயும். வன்படை முன்னே நீண்டு நிற்கும். இதனால் விளிம்பு தானாகவே கூர்மை பெறும்.

கவனிக்க வேண்டியவை

1. கொழுவைக் கழற்றி, மண்ணையும் துருவையும் எண்ணெயையும் முற்றாக நீக்குக.
2. காபன் மிகுந்த உருக்கை முன்னரே சூடேற்றுக. வேலை முடிந்ததும் மெல்ல ஆறவிடுக. நீரில் தோய்த்தலாகாது.
3. சுழல் கலப்பையின் அலகுகள் யாவற்றுக்கும் சம அளவாகப் படையிடுக. நிறை வேறுபட்டால் யந்திரம் அதிரும்.
4. குரோமியப் புகை உடலுக்குத் தீங்கானது. காற்றோட்டமுள்ள இடத்தில், முகக்காப்பு அணிந்து, பயிற்சி பெற்றவரே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

கொழு பெரிதும் தேய்ந்தபின் படையிடுவதில் பயன் குறைவு. புதிதாயிருக்கும்போதே இட்டுவைத்தால், உழவுக் காலத்தின் நடுவே வேலை தடைப்படாது.